சினைப்பைப் புற்றுநோய்: மாத்திரை, ஆபரேஷன், உணவு – எது எவ்வளவு காக்கும்?

சினைப்பைப் புற்றுநோய் என்று பேச்செடுத்தாலே பெண்கள் முதலில் கேட்பது, "என்ன சாப்பிட்டா இது வராதுங்க?" என்பதுதான். கேள்வியில் தவறே இல்லை. சர்க்கரை நோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் உண்டு. இந்த நோயைப் பொறுத்தவரை அடுக்களையில் கிடைக்கும் பதில் சிறியது. கருத்தடை மாத்திரை எத்தனை வருடம் போட்டீர்கள், குழந்தைக்கு எத்தனை மாதம் பால் கொடுத்தீர்கள், கருக்குழாய்கள் இன்னும் உடம்பில் இருக்கின்றனவா, அப்பா வழியிலும் அம்மா வழியிலும் யாருக்கு என்ன நோய் வந்தது என்ற கேள்விகளுக்கான பதில்கள்தான் கனமானவை. அதனால் இந்த அத்தியாயத்தில் உணவைப் பின்னால் தள்ளிவைத்திருக்கிறேன்.

தடுப்பைப் பற்றி இவ்வளவு பேச ஒரு காரணம் இருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க நல்ல பரிசோதனை உண்டு. மார்பகத்துக்கு மேமோகிராம் உண்டு. சினைப்பைக்கு அப்படி ஒன்று இன்றுவரை இல்லை. பிரிட்டனில் 50 முதல் 74 வயதுவரையுள்ள 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு வருடாவருடம் சிஏ-125 ரத்தப் பரிசோதனை, இன்னொரு பிரிவினருக்கு வருடாவருடம் ஸ்கேன், மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. 2021-ல் வந்த முடிவு வருத்தமானது: பரிசோதனை செய்துகொண்டவர்களிலும் இந்த நோயால் இறந்தவர்களின் விகிதம் குறையவில்லை. இது தெரிந்தும் 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜ்களில் சிஏ-125 சேர்க்கப்படுகிறது. அந்த எண் வயிற்றுக் காசநோயில் ஏறும், கர்ப்பப்பை உட்சுவர்த் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸில் ஏறும், கர்ப்பப்பைக் கட்டியில் ஏறும், மாதவிலக்கு நாளில் எடுத்தால்கூட ஏறலாம். எந்தத் தொந்தரவும் இல்லாமல், குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லாமல் அதை எடுத்துப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடக்கும் பெண்கள் நிறையப் பேர். தொந்தரவு இருந்தால் அந்தப் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு. சும்மா எடுத்துப் பார்ப்பதில் இல்லை.

முட்டையும் குழாயும்

மாதாமாதம் சினைப்பையின் மேல்பரப்பு கிழிந்து ஒரு முட்டை வெளியே வருகிறது. கிழிந்த இடம் ஆறுகிறது. அடுத்த மாதம் மறுபடியும். ஆறும்போது செல்கள் பிரிந்து பெருகுகின்றன. பிரியும்போது பிழைகள் நேரலாம். இப்படி இடைவிடாமல் முட்டை வெளியேறுவதுதான் ஆபத்தைக் கூட்டுகிறது என்று எகிப்து மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா 1971-ல் எழுதினார். முட்டை வெளியேறாத மாதங்கள் கூடக்கூட ஆபத்து குறையும் என்பதே இதன் மறுபக்கம். கர்ப்பம், தாய்ப்பால், கருத்தடை மாத்திரை மூன்றும் அந்த ஓய்வைத் தருகின்றன.

இந்த நூற்றாண்டில் இன்னொரு விஷயம் தெரியவந்தது. இந்த நோயில் அதிகம் காணப்படுவதும் அதிகம் உயிரைக் குடிப்பதும் 'சீரஸ்' என்ற வகை. அதில் பெரும்பாலானவை சினைப்பையில் தொடங்குவதில்லை. சினைப்பையை ஒட்டி விரல்கள் விரித்தாற்போல இருக்கும் கருக்குழாயின் நுனியில் தொடங்கி, அங்கிருந்து சினைப்பைக்குப் பரவுகின்றன. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பற்றிப் பின்னால் சொல்லப்போவது புரிய, இது நினைவில் இருக்கட்டும்.

கருத்தடை மாத்திரை

மருந்துகளில் இந்த நோயைத் தள்ளிவைப்பதற்கு மிக உறுதியான சான்று இருப்பது சாதாரணக் கருத்தடை மாத்திரைக்குத்தான். 21 நாடுகளில் நடந்த 45 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 23,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை வைத்து 2008-ல் ஒரு கணக்கு வெளியானது. மாத்திரை போட்ட ஒவ்வொரு 5 வருடத்துக்கும் ஆபத்து சுமார் 20 சதவீதம் குறைகிறது. 15 வருடம் போட்டவர்களுக்கு ஏறக்குறைய பாதியாகிறது. நிறுத்தி 30 வருடம் ஆன பிறகும் அந்தப் பாதுகாப்பு முழுதாக மறைவதில்லை. இருபதுகளில் போட்ட மாத்திரை ஐம்பதுகளிலும் காக்கிறது.

இந்த சதவீதங்களைத் தலைகளாக மாற்றிப் பார்ப்பது நல்லது. வசதியான நாடுகளில் மாத்திரையே போடாத 1000 பெண்களில் 75 வயதுக்குள் சுமார் 12 பேருக்கு இந்த நோய் வருகிறது. 10 வருடம் மாத்திரை போட்ட 1000 பேரில் அது 8 ஆகிறது. நாலு பேர் தப்பிக்கிறார்கள். அது சிறிய விஷயமல்ல. ஆனால் 1000 பேரும் அந்த மாத்திரையை 10 வருடம் போட்டால்தான் அந்த நாலு பேர் தப்பிக்கிறார்கள். ஆகவே புற்றுநோயைத் தடுப்பதற்கென்றே எல்லாப் பெண்களும் இதை வாங்கிப் போட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். குழந்தையைத் தள்ளிப்போட நினைப்பவர்கள், மாதவிலக்கு ஒழுங்கில்லாததற்காக மருத்துவர் எழுதிக்கொடுத்து வீட்டில் 'ஹார்மோன் மாத்திரை, வேணாம்' என்று தடை கேட்டவர்கள், குடும்பத்தில் இந்த நோய் உள்ளவர்கள் ஆகிய மூன்று தரப்புக்கும் இந்தக் கணக்கு உதவும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் 28 மாத்திரைகள் இருக்கும். 21-ல் ஹார்மோன் உண்டு; வேறு நிறத்தில் இருக்கும் 7-ம் வெறும் இரும்புச்சத்து. லெவோநார்ஜெஸ்ட்ரல், எத்தினைல் ஈஸ்ட்ரடையால் என்ற அந்த இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்துதான் முட்டை வெளியேறுவதை நிறுத்துகின்றன. நான் இதுவரை சொன்ன பாதுகாப்பு இந்த வகைக் கூட்டு மாத்திரைக்கு உரியது. 'சாயா' அல்லது 'சஹேலி' என்ற வாரம் ஒருமுறை மாத்திரை லக்னோவில் நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது, கருத்தடைக்கு நல்லதுதான். ஆனால் அதில் ஹார்மோன் இல்லை, அது முட்டை வெளியேறுவதை நிறுத்துவதுமில்லை. அவசரத்துக்கு 72 மணி நேரத்துக்குள் போடும் மாத்திரை வேறு கதை. மேலே சொன்ன எண்களை இந்த இரண்டின்மேல் ஏற்றிப் பேசக் கூடாது.

கூட்டு மாத்திரைக்கு ஒரு விலையும் உண்டு. போட்டுக்கொண்டிருக்கும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் ஆபத்து லேசாகக் கூடும். நிறுத்தியபின் சுமார் 10 வருடத்தில் அது மறைகிறது. 5 வருடத்துக்கு மேல் போட்டால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆபத்தும் சற்று ஏறும். அதனால் அந்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. இன்னொரு பக்கம், கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் குறைகிறது. கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்கள், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், கண்ணில் ஒளிக்கீற்று தெரிந்த பிறகு ஒற்றைத் தலைவலி வருபவர்கள், 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடுவதற்கு முன்னால் ஒருமுறையாவது ரத்தக்கொதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுகாதார நிலையத்தில் இரண்டு நிமிட வேலை.

தாய்ப்பால்

ஒவ்வொரு பிரசவமும் ஆபத்தைக் குறைக்கிறது. அதற்காக யாரும் பிள்ளை பெற்றுக்கொள்ளப் போவதில்லை. ஆகவே அதை விட்டுவிடுவோம். தாய்ப்பாலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 13 ஆய்வுகளைச் சேர்த்து 2020-ல் வெளியான கணக்குப்படி, பால் கொடுத்த தாய்மார்களுக்கு ஆபத்து 24 சதவீதம் குறைவு. ஒரு குழந்தைக்கு ஒரு வருடத்துக்கு மேல் கொடுத்தவர்களுக்கு 34 சதவீதம் குறைவு. மூன்று மாதத்துக்கும் குறைவாகக் கொடுத்தவர்களுக்கும் பலன் தெரிந்தது. வேலைக்குத் திரும்ப வேண்டிய நிலையில் மூன்று மாதத்தோடு நிறுத்திவிட்டு மனம் குமையும் தாய்மார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கொடுத்தவரைக்கும் அது உங்களுக்கும் நல்லது செய்திருக்கிறது.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பெரும்பாலும் கடைசிப் பிரசவத்தோடு, சிசேரியன் என்றால் அதே மேஜையில் முடிந்துவிடும். குழாயைக் கட்டுவதால் சினைப்பைப் புற்றுநோய் ஆபத்து சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது அவர்களில் பலருக்கு இன்றுவரை யாரும் சொல்லாத நல்ல செய்தி.

நோய் குழாய் நுனியில் தொடங்குகிறது என்றால், கட்டுவதற்குப் பதில் குழாயையே எடுத்துவிட்டால் என்ன? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண மருத்துவர்கள் 2010 முதல் இதை வழக்கமாக்கினார்கள். கர்ப்பப்பை ஆபரேஷனின்போதோ கருத்தடைக்காகவோ குழாய்களை முழுதாக எடுத்துக்கொண்ட 25,889 பெண்களின் விவரம் 2022-ல் வெளியானது. அத்தனை பேரில் சீரஸ் வகை நோய் ஐந்து பேருக்காவது வந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. ஒருவருக்கும் வரவில்லை. இவர்களைக் கவனித்த காலம் இன்னும் குறுகியது என்பதால் இறுதித் தீர்ப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் நம்பிக்கை தரும் முடிவு.

ஆகவே கருத்தடை ஆபரேஷனுக்கோ கர்ப்பப்பையை எடுப்பதற்கோ தேதி குறிக்கும் முன் மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "குழாய் ரெண்டையும் முழுசா எடுத்துட முடியுங்களா? சினைப்பையை விட்டுடுவீங்களா?" இரண்டாவது கேள்வியும் முதலாவதைப் போலவே முக்கியம். குழாய் போனால் ஹார்மோன் குறையாது, மாதவிடாய் முன்கூட்டி நிற்காது. ஆனால் 'எப்படியும் திறக்கிறோம், இதையும் எடுத்துவிடுவோம்' என்று நாற்பது வயதில் நல்ல சினைப்பைகளை எடுத்துவிட்டால் எலும்பும் இதயமும் அடிவாங்கும். தக்க காரணம் இல்லாமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள். குழாயை முழுதாக எடுத்தபின் திரும்ப இணைக்க வழியில்லை என்பதால், இனிக் குழந்தை வேண்டாம் என்ற முடிவு அசையாமல் இருக்க வேண்டும்.

அப்பா வழி அத்தை

குடும்ப வரலாறு கேட்கும்போது உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"உங்க குடும்பத்துல யாருக்காச்சும் கேன்சர் இருந்துச்சாம்மா?"

"அம்மா பக்கம் யாருக்கும் இல்லைங்க மேடம்."

"அப்பா பக்கம்?"

"அப்பா பக்கமா... பெரிய அத்தை ஒருத்தங்க வயித்துல கட்டி வந்து போயிட்டாங்க. அது கேன்சரான்னு தெரியாதுங்க."

"என்ன வயசு இருக்கும்?"

"நாப்பத்தஞ்சு இருக்கும். அதுக்கு முன்னாடியே அவங்களுக்கு மார்ல ஒரு ஆபரேஷன் நடந்துச்சு."

தேவையான விவரம் முழுவதும் அந்தக் கடைசி இரண்டு பதில்களில் வந்துவிட்டது. நம் வீடுகளில் புற்றுநோயைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. 'வயித்துல கட்டி', 'தண்ணி கோத்துக்கிட்டது', 'பெரிய வியாதி' என்றுதான் சொல்வோம். அம்மா வழியை நினைவு வைத்திருப்பவர்கள்கூட அப்பா வழியை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களில் உள்ள பழுது அப்பா மூலமாகவும் மகளுக்கு வரும். பிஆர்சிஏ1 பழுதுள்ள 100 பெண்களில் சுமார் 44 பேருக்கும், பிஆர்சிஏ2 பழுதுள்ள 100 பேரில் சுமார் 17 பேருக்கும் 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வருகிறது. வேறு எந்தப் பழக்கமும் எந்த உணவும் இந்த எண்களுக்கு அருகில்கூட வராது.

அம்மா, அக்கா, தங்கை, சித்தி, பெரியம்மா, அத்தை, இரண்டு பக்கப் பாட்டிகள் ஆகியோரில் யாருக்காவது சினைப்பைப் புற்றுநோயோ, 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோயோ வந்திருந்தால், ஆண்களில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், மரபணு ஆலோசனை கேளுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற பெரிய மையங்களில் இதற்கான வசதி உண்டு. நோய் வந்த உறவினர் உயிரோடு இருந்தால் முதலில் அவருக்குத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். அவருக்குப் பழுது தெரிந்தால்தான் மற்றவர்களுக்கு எதைத் தேடுவது என்று தெரியும். பழுது உறுதியானவர்களுக்கு, பிள்ளைப்பேறு முடிந்ததும், பிஆர்சிஏ1 என்றால் 35–40 வயதிலும் பிஆர்சிஏ2 என்றால் 40–45 வயதிலும் குழாய்களோடு சினைப்பைகளையும் எடுத்துவிடுவதே பரிந்துரை. முன் பகுதியில் சினைப்பையை விட்டுவைக்கச் சொன்னேன். இவர்களுக்கு அது பொருந்தாது. நோய் வரும் வாய்ப்பில் சுமார் 80 சதவீதத்தை இந்த ஆபரேஷன் அகற்றுகிறது.

மற்ற மருந்துகள்

மாதவிடாய் நின்றபின் உடம்பு எரிச்சலுக்கும் வியர்வைக்கும் தரும் ஹார்மோன் மாத்திரை, கருத்தடை மாத்திரைக்கு நேர்மாறாகச் செயல்படுகிறது. 50 வயதை ஒட்டித் தொடங்கி 5 வருடம் எடுத்துக்கொண்டால், 1000 பேரில் ஒருவருக்குக் கூடுதலாக இந்த நோய் வருகிறது என்று 52 ஆய்வுகளின் தொகுப்பு 2015-ல் கணக்கிட்டது. தூக்கமே போய்த் தவிக்கிற பெண்ணுக்கு அந்த ஒன்று ஏற்கக்கூடிய விலையாக இருக்கலாம். லேசான தொந்தரவுக்கு இருக்காது. எவ்வளவு காலம் என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பதுதான் தவறு.

குழந்தையின்மைக்குப் போடும் ஊசிகள் பற்றிய பயம் பெரிது. டென்மார்க்கில் 54,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2009-ல் வந்தது. அந்த மருந்துகளால் சினைப்பைப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. குழந்தை பெறாமல் இருப்பதும் எண்டோமெட்ரியோசிஸும் ஏற்கெனவே ஆபத்தைக் கூட்டுபவை என்பதால் பழி மருந்தின்மேல் விழுகிறது. பிசிஓடி இருக்கிறது என்றதும் அழும் கல்லூரிப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை: ஸ்கேனில் தெரியும் அந்தச் சிறு நீர்க்குமிழ்கள் புற்றுநோயாக மாறுவதில்லை. கவனிக்காமல் விட்டால் பாதிக்கப்படக்கூடியது கர்ப்பப்பை உட்சுவர்.

தினமும் ஆஸ்பிரின் போடுபவர்களுக்கு இந்த நோய் சற்றுக் குறைவாக வருவதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. இதயத்துக்காக ஏற்கெனவே போடுகிறவர்கள் இதைக் கூடுதல் லாபமாக வைத்துக்கொள்ளலாம். இதற்கென்றே தொடங்கினால் குடலில் ரத்தம் கசியும் ஆபத்துதான் முன்னால் வந்து நிற்கும்.

பவுடர்

வெயில் காலத்தில் தொடையிடுக்கில் பவுடர் போடுவது நம் ஊரில் அம்மா மகளுக்குச் சொல்லித்தரும் பழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2024 ஜூலையில், அந்தப் பவுடரில் உள்ள டால்க்கை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற இரண்டாம் நிலைப் பட்டியலில் சேர்த்தது. ஆஸ்பெஸ்டாஸ் சினைப்பைப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஏற்கெனவே உறுதியானது. பூமியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடைப்பதால் கலப்படம் நேரலாம். அதேசமயம் அமெரிக்காவில் 2,52,745 பெண்களின் விவரங்களை அலசி 2020-ல் வந்த ஆய்வில் தெளிவான தொடர்பு தெரியவில்லை. இத்தனை வருடம் போட்டுவிட்டேனே என்று கலங்க வேண்டாம். இனிமேல் அந்த இடத்தில் போட வேண்டாம், அவ்வளவுதான். பருத்தி உள்ளாடையும், குளித்தபின் நன்றாகத் துடைப்பதும் போதும். பச்சைக் குழந்தைக்கும் அங்கே வேண்டாம்.

உடல் எடை, புகை, சாப்பாடு

எடை கூடுவது ஆபத்தைக் கூட்டுகிறது, ஆனால் கொஞ்சம்தான்: உடல் பருமன் குறியீடு 5 புள்ளி ஏறினால் சுமார் 10 சதவீதம். நம்மவர்களுக்கு அந்தக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே அதிகம், இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். புகைப்பது 'மியூசினஸ்' என்ற ஒரு வகையைக் கூட்டுகிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களில் ஒரு பிரிவினரைக் கொழுப்பைக் குறைத்து, காய்கறி, பழம், தானியத்தைக் கூட்டிச் சாப்பிட வைத்தார்கள். முதல் 4 வருடம் எந்த வித்தியாசமும் இல்லை. அதன்பிறகு அவர்களுக்கு இந்த நோய் சுமார் 40 சதவீதம் குறைந்தது. நோய் வந்தவர்களின் மொத்த எண்ணிக்கை சிறியது என்பதால் இதை ஒரு நல்ல குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். இதிலிருந்து கிடைக்கும் பாடம் பொறுமை: ஒரு மண்டலம் சாப்பிட்டால் போதும் என்பது எதுவும் இங்கே இல்லை. பிரிட்டனில் 1,97,426 பேரைக் கவனித்து 2023-ல் வந்த ஆய்வில், பாக்கெட் தின்பண்டம், கூல்டிரிங்க்ஸ், உடனடி நூடுல்ஸ் போன்ற ஆலையில் பதப்படுத்திய உணவு அதிகம் தின்றவர்களுக்கு இந்த நோய் கூடுதலாகத் தெரிந்தது. பாலைப் பற்றிப் பயம் வேண்டாம். 12 பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் பாலுக்குத் தொடர்பு தெரியவில்லை. மஞ்சள், கருஞ்சீரகம், முள்சீத்தா எதையும் விரும்பிச் சாப்பிடலாம். ஆனால் அவை சினைப்பையைக் காக்கும் என்று பெண்களைப் பின்தொடர்ந்து யாரும் நிரூபிக்கவில்லை. அதை நம்பி மரபணுப் பரிசோதனையையோ மருத்துவர் சொன்ன ஆபரேஷனையோ தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவது.

வயிறு உப்பிக்கொண்டே இருந்தால்

எல்லாம் சரியாகச் செய்தவருக்கும் நோய் வரலாம். வயிறு உப்பிக்கொண்டே இருப்பது, இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்றில் வலி, அடிக்கடி சிறுநீர் ஆகியவை இந்த நோயின் முதல் பேச்சு. நாம் இதை 'கேஸ்' என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடிப்போம், மருந்துக் கடையில் அமில மாத்திரை வாங்குவோம். புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாளுக்கு மேல் வந்தால், அதிலும் வயது 50-ஐத் தாண்டியிருந்தால், வயிற்று டாக்டரோடு நிறுத்தாமல் மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். எந்தத் தேதியில் என்ன தொந்தரவு என்று காலண்டரில் குறித்துக் கொண்டுபோங்கள். அடிவயிற்று ஸ்கேனும் சிஏ-125-ம் எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். அப்பா வழி அத்தையைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடுங்கள்.